கரியில் சுடுவதும் புகை போடுவதும்: கோலாலம்பூர், பினாங்கு வீட்டுச் சமையலுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் சமைப்பவர்களுக்கு இங்கே பாதி கணக்கு தப்பிப்போகிறது. அங்கே காற்று வறண்டது. நம் ஊரில் கரியும் விறகும் மசாலாத் தூளும் திறந்து வைத்தால் ஒரே வாரத்தில் ஈரம் குடித்துவிடும். கீழே உள்ள பதில்கள் தாமான் வீட்டு முற்றம், டெரஸ் வீட்டு வாசல், கிழக்கும் மேற்கும் காற்றடிக்கும் பினாங்குக் கடற்கரையோர வீடுகள் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியவை.

சுடுவதற்கும் புகை போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

சுடுவது நேரடி அனல். இறைச்சிக்குக் கீழே கரி, தட்டு மட்டத்தில் 220 பாகைக்கு மேல், சில நிமிடங்களில் வேலை முடியும். புகை போடுவது மூடி போட்ட அடுப்பில், கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, 110 முதல் 135 பாகைக்குள் மணிக்கணக்கில் வேகவைப்பது. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு: ஒதுக்கிய கரி, மூடிய மூடி, 170 முதல் 190 பாகை. முழுக்கோழிக்கும் கோழிக்காலுக்கும் அதுதான் சரி. பலர் அதை முயன்று பார்ப்பதே இல்லை.

எந்தக் கரி வாங்குவது?

சூடாகச் சுட பாக்காவ் கரி. பேராக், கோலா செபத்தாங்கில் மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தைச் செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் மூடி வேகவைத்து எடுப்பது இது. கனமானது, அனல் பலமாக இருக்கும், சாம்பல் குறைவு. வாங்கும்போது இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடி போலக் கணீரென்றால் நன்றாக வெந்த கரி. மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே வேகாத மரம் இருக்கிறது, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. மூட்டையின் அடியில் தூள் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். தூள் அடுப்பின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

நீண்ட நேரம் புகை போடுவதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கட்டிகள் நல்லவை. எல்லாம் ஒரே அளவு என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ ஒழுங்காகத் தாவும். பாக்காவ் கரியில் ஒரு துண்டு முழங்கை அளவு, அடுத்தது கட்டைவிரல் அளவு. அதை வைத்து ஆறு மணி நேரம் ஒரே சூட்டைப் பிடிப்பது பெரும்பாடு.

பற்றவைக்கும் மருந்து ஏற்கெனவே ஊற்றி விற்கும் கரிக்கட்டியைப் புகை போடத் தொடவே வேண்டாம். கரி வரிசையாகப் பற்றிக்கொண்டே போவதால் அந்த மருந்து வாடையும் கடைசிவரை வந்துகொண்டே இருக்கும்.

கரி பட்டாசு போல வெடித்துப் பொறி பறக்கிறதே?

ஈரம். கரியின் நுண்துளைக்குள் போன தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெளியே வர வழி தேடுகிறது. மூட்டையைப் பிரித்த அன்றே மூடியுள்ள வாளிக்கு மாற்றுங்கள். பெயின்ட் வாளி அளவு போதும். வாளியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். ஈரம் ஏறிவிட்ட கரியை நடுப்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் பரப்பிவைத்தால் பெரும்பாலும் திருந்திவிடும்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கலாமா?

கூடாது. கரியை உள்ளே போட்டுப் பற்றவைக்கும் தகரக் குழாய் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். வாங்க மனமில்லையென்றால் பெரிய மைலோ டின் போதும். அடிப்பகுதியை முழுதாக வெட்டி எடுத்து, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சுற்றிலும் எட்டு ஓட்டை ஆணியால் போடுங்கள். மேலே எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கோத்தால் பிடி. முதல் முறை சாப்பாடு வைக்காமல் வெறும் கரியை எரித்து, வெளிப்பூச்சு முழுக்கக் கருகும்வரை விட்டுவிடுங்கள். டின் தகடு மெல்லியது, சில தடவைக்கு மேல் தாங்காது. வளைய ஆரம்பித்ததும் தூக்கிப் போடுங்கள்.

அடியில் எண்ணெய் தடவிய நாளிதழ் ஒரு தாள், மேலே கரி. 15 முதல் 20 நிமிடத்தில் மேல் கரியின் ஓரத்தில் சாம்பல் பூக்கும். அதற்கு முன்னே கொட்டினால் அரைகுறைக் கரியின் புகைதான் இறைச்சியில் ஏறும்.

சூட்டை எப்படி ஒரே நிலையில் பிடிப்பது?

காற்றுத் துளையை வைத்துத்தான். கரியை அள்ளிப் போட்டுச் சூட்டை ஏற்றப் பார்ப்பவர்கள்தான் மணிக்கொருமுறை மூடியைத் திறந்து கெடுக்கிறார்கள். மேல் துளை எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கட்டும், புகை தேங்கக்கூடாது. கீழ்த்துளையை மட்டும் திருப்புங்கள்.

57 சென்டிமீட்டர் உருண்டை அடுப்பில் புகை போட, கரிக்கட்டிகளை அடுப்பின் உட்சுவரை ஒட்டி வளையமாக அடுக்குங்கள்: அகலத்தில் இரண்டு, அவற்றின் மேல் இரண்டு. முழு வட்டம் வேண்டாம், முக்கால் வட்டம் போதும். தலையும் வாலும் தொட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் எரியத் தொடங்கிவிடும். நடுவில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றிய அலுமினியத் தட்டு. ஒரு முனையில் மட்டும் பற்றிய கரிக்கட்டி எட்டு முதல் பத்து வைத்து, கீழ்த்துளையைக் கால்வாசி திறந்துவைத்தால் 120 பாகையைச் சுற்றி நிற்கும்.

குறி வைத்த சூட்டுக்கு 15 பாகை முன்பாகவே கீழ்த்துளையைச் சுருக்குங்கள். ஏறிய சூடு இறங்க முக்கால் மணி நேரம்கூட ஆகும், ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். துளையைத் தொட்ட பிறகு 15 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூடியில் பதித்து வரும் முள் வெப்பமானியை நம்பாதீர்கள். அது மூடியின் உச்சிக் காற்றை அளக்கிறது. இறைச்சி இருக்கும் இடத்தில் 20 பாகை வித்தியாசம் சாதாரணம். தட்டின் மேல் ஒரு கம்பி, இறைச்சிக்குள் ஒரு கம்பி என இரட்டைக் கம்பி மின்மானி வாங்குங்கள். விலை உயர்ந்த அடுப்பை வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது அதுதான்.

புகைக்கு எந்த விறகு? ஆப்பிள், ஹிக்கரி எல்லாம் இங்கே விலை கூடுதலாக இருக்கிறதே?

ரம்புத்தான் மரம் இருக்க ஆப்பிளைத் தேடுவானேன்? ரம்புத்தான் விறகு மிதமான, லேசாக இனிக்கும் புகை தரும். கொய்யாவும் நன்று. மாமரம் கொஞ்சம் காட்டமானது, ஆட்டுக்குப் பொருந்தும், மீனுக்கு ஒத்துவராது. தேங்காய் மட்டை நிறையப் புகை கக்கும். கறியைப் புகையில் வாட்டும் நெகிரி செம்பிலான் சாலாய் முறையில் அதற்கு வேலை உண்டு. ஆனால் மூடிய அடுப்பில் ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் கசக்கும்.

பக்கத்து வீட்டில் மரம் வெட்டினால் கேட்டு வாங்கி, பட்டையை உரித்து, 5 சென்டிமீட்டர் கனத்தில் பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக ஆறு மாதம் வையுங்கள். எவ்வளவு காயவைத்தாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் விறகின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. அதுவே போதும். சமையலுக்கு முன் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊறிய விறகு முதலில் ஆவிதான் விடும், அதன் பிறகே புகையும்.

மரச்சாமான் பட்டறைத் துண்டு வேண்டவே வேண்டாம். ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் உப்பில் ஊறவைத்துத்தான் மேசை நாற்காலி செய்கிறார்கள். பழைய பலகைத் தட்டு, வர்ணம் பூசிய கட்டை எல்லாமே இந்தக் கணக்கில் அடங்கும்.

புகை நன்றாக வந்தது, இறைச்சி கசக்கிறது. ஏன்?

நன்றாக வந்ததுதான் காரணம். கெட்டியான வெள்ளைப் புகை என்றால் விறகு முழுதாக எரியாமல் புகைந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகையில் இருக்கும் தார் இறைச்சியின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நாக்கின் நுனி லேசாக மரத்துப்போவது போலிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேல் துளைக்கு மேலே கையளவு தூரத்தில் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவர் தெரியும்படி, ஊதுவத்தி முடிகிற நேரத்துப் புகைபோல நீலச்சாயலில் மெலிசாக வர வேண்டும். விறகு வைத்து வெள்ளைப் புகை அடங்க 10, 15 நிமிடம் பிடிக்கும். இறைச்சியை அதன் பிறகு வையுங்கள். கைமுட்டி அளவு துண்டு மூன்று, மொத்தம் 200 கிராம், ஆறு மணி நேரச் சமையலுக்குப் போதும். இறைச்சி புகை பிடிப்பது பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்தில்தான்.

வெளிநாட்டில் மாட்டு நெஞ்சுக்கறி போடுகிறார்கள். மாடு சாப்பிடாத வீட்டில் என்ன போடுவது?

எலும்போடு ஆட்டுத் தோள். கொழுப்பும் சவ்வும் கலந்திருப்பதால் நீண்ட நேரச் சூட்டுக்கென்றே அமைந்த பகுதி. உறையவைத்த ஆஸ்திரேலிய ஆட்டுத்தோள் 2 கிலோ வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து உறைவு இறக்குங்கள். முதல் நாள் இரவு 25 கிராம் உப்பை எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடாமல் அதே பெட்டியில் வையுங்கள். மேல்தோல் காய்ந்தால் நிறம் நன்றாகப் பிடிக்கும்.

காலையில் கொரகொரப்பாக இடித்த மிளகு 2 மேசைக்கரண்டி, மல்லி 1, சோம்பு 1, மிளகாய்த்தூள் அரை மேசைக்கரண்டி. கடையில் வாங்கும் கறித்தூளை அப்படியே தடவினால் அதிலுள்ள நைஸ் மாவு முதலில் கருகி, கடைசியில் மண் வாசம் அடிக்கும். இடித்த மசாலா அந்தத் தொல்லை தராது.

அடுப்பு 125 முதல் 130 பாகையில் நிலைத்ததும் கொழுப்புப் பக்கம் மேலாக வையுங்கள். முதல் இரண்டு மணி நேரம் மூடியைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. மூன்று மணி நேரம் ஆகும்போது உள்சூடு 65, 70 பாகையை எட்டி அங்கேயே நின்றுவிடும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் முள் அசையாது. மானி கெட்டுவிட்டதென்றும் கரி தீர்ந்துவிட்டதென்றும் நினைத்துத் துளையை முழுக்கத் திறந்துவிடுவது இந்த நேரத்தில்தான். நடப்பது இதுதான்: இறைச்சி வியர்க்கிறது, அந்த ஈரம் ஆவியாகும்போது மண்பானைத் தண்ணீரைப் போல அது தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது.

வெளிப்பக்கம் கருஞ்சிவப்பாகி, நகத்தால் சுரண்டினால் மசாலா உரியாத பதத்துக்கு வந்திருந்தால் எடுத்து, நெய் 2 மேசைக்கரண்டி விட்டு, அலுமினியத் தாளில் இரட்டையாக இறுகச் சுற்றித் திரும்ப வையுங்கள். இன்னும் இரண்டரை, மூன்று மணி நேரம். 93 பாகைக்குப் பக்கம் வரும்போது கம்பியைக் குத்திப் பாருங்கள். குளிர்ந்த வெண்ணெயில் இறங்குவதுபோல இருந்தால் பொறுங்கள், அறைச்சூட்டு வெண்ணெயில் இறங்குவதுபோல இருந்தால் எடுங்கள். தோள்பட்டை எலும்பு கையோடு வந்துவிட வேண்டும். சுற்றியபடியே 45 நிமிடம் ஆறவிட்டுப் பிய்த்தால், தாளுக்குள் தேங்கிய சாற்றையும் கலந்துகொள்ளலாம். இடியாப்பத்தோடு நன்றாகப் போகும், ரொட்டி சானாயோடு இன்னும் நன்றாக.

உள்ளூர் வெள்ளாடு என்றால் கொழுப்பு குறைவு. 60 பாகையிலேயே சுற்றிவிடுங்கள், நெய்யோடு கால் கப் எலும்புச் சாறும் விடுங்கள். இல்லாவிட்டால் நார் நாராகக் காய்ந்துவிடும்.

கோழிக்கால் வெளியே கருகி, எலும்புப் பக்கம் இரத்தமாக இருக்கிறது.

தொடையோடு சேர்ந்த முழுக்காலை நேரடிக் கரியில் வைத்தால் எல்லோருக்கும் இதுதான் நடக்கும். நாலு கால், ஏறக்குறைய 1.2 கிலோவுக்கு: தயிர் 120 கிராம், உப்பு 18 கிராம், இஞ்சி பூண்டு விழுது 30 கிராம், மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, மஞ்சள் 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. எலும்பு வரை இரண்டு கீறல் போட்டு நாலு மணி நேரம் ஊறவையுங்கள். லிமாவ் கஸ்தூரிச் சாற்றை ஊறவைக்கும்போது சேர்க்காதீர்கள், இரவு முழுக்கப் புளிப்பில் கிடந்த கோழி மேலே மாவாகிவிடும். பரிமாறும்போது பிழிந்தால் போதும்.

கரியை ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். அடுப்பில் வைக்குமுன் கெட்டியாக ஒட்டியுள்ள மசாலாவை வழித்துவிட்டு, கரியில்லாத பக்கத்தில் வைத்து மூடி, 180 பாகையில் 35 நிமிடம். உள்சூடு 70 தொட்டதும் கரிக்கு மேலே மாற்றி, பக்கத்துக்கு மூன்று நிமிடம் நிறம் ஏற்றுங்கள். பாதுகாப்புக்கு 74 பாகை கணக்கு. ஆனால் தொடைக்கறி 80 தாண்டினால்தான் சவ்வு கரைந்து சுவைக்கும். கீச்சாப் மானிஸ், தேன் போன்ற இனிப்பெல்லாம் கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும். எலும்போரம் சிவப்பாகத் தெரிந்தால் மானியைப் பாருங்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜை வெந்த பிறகும் சிவப்பாகவே இருக்கும்.

சாத்தே குச்சி எரிந்துபோகாமல் இருக்க எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

ஊறவைப்பது கொஞ்சம்தான் உதவும். சாத்தே அடுப்பு ஏன் ஒடுக்கமாக, நீளமாக இருக்கிறது என்று பாருங்கள்: இறைச்சி மட்டும் அனலுக்கு மேலே, குச்சியின் பிடி வெளியே. அகலமான அடுப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு வரிசைச் செங்கலை 12 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து நடுவில் கரி போட்டால் அதே அமைப்பு கிடைக்கும். கறிக்கும் கரிக்கும் ஐந்தாறு சென்டிமீட்டர். நறுக்கும்போது தொடைக்கறி நாலு துண்டுக்கு நடுவே ஒரு கொழுப்புத் துண்டு கோத்துவிடுங்கள். செராய்த் தண்டின் அடியை நசுக்கித் தூரிகையாக்கி எண்ணெய் தடவுங்கள். ஒழுகும் எண்ணெய் தீயைக் கிளப்பினால் விசிறியை நிறுத்தி, குச்சிகளை ஓரம் நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும்.

மீன் கம்பியில் ஒட்டிக்கொண்டு தோல் உரிகிறது.

தோல் ஈரமாக இருக்கிறது, அல்லது கம்பி சூடாகவில்லை, அல்லது அவசரப்பட்டுத் திருப்புகிறீர்கள். கெம்போங் மீனைத் துணியால் ஒற்றி, எண்ணெயைக் கம்பிக்குத் தடவாமல் மீனுக்குத் தடவுங்கள். கம்பி ஐந்து நிமிடம் காய்ந்த பிறகு வைத்து, நாலு நிமிடம் தொடாதீர்கள். தோல் வெந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம்.

திருக்கைக்கு வாழையிலை. சந்தையில் வாங்கும்போதே மோந்து பாருங்கள். திருக்கையின் சதையில் யூரியா அதிகம், பழசாகும்போது அது அமோனியாவாக மாறும். அந்த வாடை வந்துவிட்ட மீனை எந்தச் சம்பாலும் காப்பாற்றாது. 700 கிராம் செட்டைக்குக் காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 3 பல், வறுத்த பெலாச்சான் 1 மேசைக்கரண்டி, செராய் 2 தண்டு. அரைத்து, 80 மில்லி எண்ணெயில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்கி, கெட்டிப்புளி 2 மேசைக்கரண்டியும் குலா மலாக்கா ஒன்றரை மேசைக்கரண்டியும் சேருங்கள். வதக்காத சம்பாலைத் தடவினால் மீன் வெந்த பிறகும் பச்சை வாடை போகாது. இலையை அனலில் வாட்டி, இரண்டடுக்காகப் போட்டு, பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். மேலிலை திட்டுத் திட்டாகக் கருகுவது நல்லதுதான், வாசமே அங்கேதான் பிறக்கிறது.

மழை வந்தால்?

கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். ஆறு மணி நேரச் சமையலென்றால் காலை ஏழு மணிக்கே பற்றவைத்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். மழை பிடித்துவிட்டால் அடுப்பைக் கார் போர்ச்சுக்குள் தள்ளாதீர்கள். பாலிகார்பனேட் கூரை அனலில் வளையும், காரும் பக்கத்திலேயே நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத அது ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். அணைந்ததுபோலத் தெரியும் கரியும் மணிக்கணக்கில் அதை விட்டுக்கொண்டிருக்கும். சுற்றி முடித்த ஆட்டுத்தோளாக இருந்தால் வீட்டு அவனில் 130 பாகையில் வைத்து முடியுங்கள். புகை ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கொண்டோ பால்கனியில் செய்யலாமா?

கரியில் கூடாது. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் துணைவிதிகளே புகை கிளப்பும் எரிபொருளுக்கு இடம் தருவதில்லை. பெரும்பாலான கொண்டோக்களில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் சுடும் இடம் இருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அங்குள்ள கம்பித்தட்டை முதலில் பத்து நிமிடம் அனலில் காயவைத்துத் தேய்த்துவிட்டுத்தான் உணவு வைக்க வேண்டும். யார் என்ன சுட்டார்கள் என்று தெரியாது. பன்றியோ மாடோ சாப்பிடாத விருந்தாளி இருந்தால் சொந்தக் கம்பித்தட்டு கொண்டுபோவதே மரியாதை. இரும்புக் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய வலையைத் தட்டாக்காதீர்கள், கடும் அனலில் துத்தநாகப் புகை வரும். துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை, புரட்டாசி என்றால் அடுப்பு சும்மாதான் இருக்குமா?

முழுக் கத்தரிக்காயைக் கரிமேலேயே போட்டுத் தோல் கருகும்வரை 20 நிமிடம் திருப்பிச் சுட்டால் அந்தத் துவையலுக்கு ஈடில்லை. பன்னீரை 2 சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டியாக வெட்டுங்கள், மெலிந்தால் கம்பியிடுக்கில் விழும். சோளத்தை மட்டையோடு 15 நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு உரித்து நிறம் ஏற்றுங்கள். பிஞ்சுப் பலாவை முதலில் உப்புநீரில் வேகவைக்காமல் அடுப்பில் வைத்தால் எவ்வளவு புகை போட்டாலும் கட்டைதான். சைவத்துக்குத் தனிக் கம்பித்தட்டு, தனி இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுத்தான் வைக்க வேண்டுமென்று இல்லை.

புகைமூட்டக் காலத்தில் அடுப்பைப் பற்றவைக்கலாமா?

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அன்று இன்னும் புகை கிளப்பாமலிருப்பதே அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உபகாரம். எந்த நாளானாலும் சமையலைச் சாக்கிட்டுத் தோட்டத்துச் சருகையும் குப்பையையும் அதே தீயில் போட்டால் அது திறந்தவெளி எரிப்பு, சட்டப்படி குற்றம்.

மிச்சமானதை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரம். பெரிய துண்டாகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும், பிய்த்து ஆழமில்லாத தட்டில் பரப்பி வையுங்கள். பச்சைக் கோழி ஊறிய மசாலாவைச் சுட்ட கோழிமேல் தடவாதீர்கள். தடவ வேண்டுமென்றால் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுப்பு ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது.

சாம்பலை உள்ளேயே விட்டிருப்பீர்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து, காரத்தன்மையுள்ள சேறாகி அடித்தகட்டை அரிக்கும். கடலோரப் பினாங்கு வீடுகளில் உப்புக்காற்றும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். சமையல் முடிந்ததும் இரண்டு துளையையும் மூடிக் கரியை அணையுங்கள், மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை மறுநாள் மாலை அள்ளி, மூடியுள்ள தகர டின்னில் இன்னொரு நாள் வைத்துவிட்டே குப்பையில் போடுங்கள். கம்பித்தட்டு சூடாக இருக்கும்போதே தேய்த்து, வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தடவு. மழையுறை போடுவதாக இருந்தால் அடுப்பு முழுதாக ஆறிய பிறகு, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள். தரைவரை இறுக மூடினால் உள்ளே வியர்த்து, உறை போடாததைவிடச் சீக்கிரம் துரு ஏறும்.